18,000 ரூபாய் கேபிள் வேண்டாம், செம்புதானா என்று பாருங்கள்

கேள்வி: புதிதாக ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கரும் வாங்கியிருக்கிறேன். தூரத்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் ஒயர் இழுக்க வேண்டும். மாட்ட வந்தவர், "சாதா ஒயர் போட்டா சவுண்டே செத்துடும் சார், 18,000 ரூபாய் கேபிள் போடுங்க" என்கிறார். போடத்தான் வேண்டுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: போட வேண்டாம். ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் உங்களுக்குத் தாராளம். மனசு கேட்கவில்லை என்றால் இரண்டரை போட்டுக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து போகும் கரண்டை எந்த ஒயரும் கொஞ்சம் தடுக்கும். எவ்வளவு தடுக்கும் என்பது நீளம், தடிமன், உலோகம் இந்த மூன்றில் இருக்கிறது. உங்களுக்குப் போக 5, வர 5, ஆக 10 மீட்டர். ஒன்றரை எம்.எம். செம்பில் அதற்கு 0.12 ஓம் அளவுதான் தடை. ஸ்பீக்கரின் ஓமில் நூற்றுக்கு ஐந்துக்குள், அதாவது உங்களுக்கு 0.4 ஓமுக்குள் இருந்தால் போதும் என்பது எங்கள் தொழிலில் காலங்காலமாக இருக்கும் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நீங்கள் தொடவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இலவசமாக வரும் நூல் மாதிரி ஒயரை மட்டும் தூக்கிப் போடுங்கள்.

வெள்ளி கேபிள் என்பார்கள். வெள்ளி செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். செம்பு ஒயரைச் சற்றுத் தடிமனாக வாங்கினால் அது சரியாகிவிடும். 2007-இல் அமெரிக்காவின் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளையும் விலை குறைந்த கேபிளையும் காதால் மட்டும் கேட்டுப் பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர் தருகிறேன் என்றார். அந்தப் பரிசு யாருக்கும் போகவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசி, செம்பு ஒயர் என்று விற்பது. சி.சி.ஏ. ஒயர் என்போம். போன மாதம் ஒருவர் புது ரோல் ஒன்றைக் கொண்டுவந்தார். கையில் வாங்கியதுமே எடை இல்லை. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினேன். நாலு சுரண்டில் சிவப்புப் போய் வெள்ளை தெரிந்தது. இரண்டு முறை மடக்கினேன், மூன்றாவது முறை உடைந்துவிட்டது. பில்லில் "100 சதவீதம் காப்பர்" என்று எழுதியிருந்தது. இந்த ஒயரில் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்கு. அதைவிட மோசம், டெர்மினலில் இறுக்கிய இடத்தில் இழை இழையாக உடையும், நாளாவட்டத்தில் பூத்துப்போய்க் கரகரக்கும்.

வீட்டு வயரிங் ஒயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஸ்பீக்கர் ஒயர் ரோலில் அந்த முத்திரையை நான் பார்த்ததே அபூர்வம். கேட்க ஆளில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிய ஒயருக்கு எத்தனை பேர் அதுவரை போவார்கள்? இதற்கெல்லாம் ஒரு விதி போட எத்தனை வருஷம் வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், வீட்டு ஒயருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 694 அச்சடித்த இரண்டு கோர் ஃப்ளெக்சிபிள் ஒயரைக் கேட்டு வாங்குங்கள். மின்சாரத்துக்கு ஆகும் ஒயர் பாட்டுக்கும் ஆகும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்லதுதான். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒயர் முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு: இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள். உங்களிடம் இல்லாவிட்டாலும் பலரும் இப்போது திரும்ப வாங்குவதால் சொல்கிறேன். அதன் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்குள் மிக நுண்ணிய கம்பிச் சுருள் இருக்கிறது. அங்கிருந்து வரும் கேபிள் மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் குணம் கொண்டது. அந்தத் தேக்கமும் சுருளும் சேர்ந்து மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் சத்தத்தைத் தூக்கிவிடும், அதற்கு மேலே மழுங்கடிக்கும். தேக்கம் 250 பிக்கோஃபாரட் என்றால் அந்த இடம் பொதுவாக 14,000 ஹெர்ட்ஸ் பக்கம். 500 ஆனால் 10,000-க்கு இறங்கிவிடும். ஜால்ராவும் வயலினும் மாறிக் கேட்பது அப்போதுதான். டர்ன்டேபிளோடு வந்த கேபிளை எடுத்துவிட்டு நாலு மீட்டர் கேபிள் போடாதீர்கள். ஆம்ப்ளிஃபயரைப் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். இதற்கும் விலை உயர்ந்த கேபிள் தேவையில்லை, நீளம் குறைந்ததுதான் தேவை.

"கேபிள் மாத்தினதும் நல்லா கேட்குது" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. பழைய ஒயரைக் கழற்றும்போது பூத்துப்போன முனை போய்ப் புது முனை வருகிறது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் அதுவும் தானாகச் சரியாகிறது. மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று இழுத்து பாஸ் காணாமல் போகும், பாடகர் குரல் நடுவில் நிற்காது. அந்த லாபத்துக்குத்தான் 18,000 ரூபாய் பில் போடுகிறார்கள்.

இதை நீங்களே செய்யலாம். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயர் முனையில் அரை அங்குலம் தோல் சீவி, இழை ஒன்றுகூட வெளியே நீட்டாமல் முறுக்கி, சிவப்பை சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் இறுக்குங்கள். பிறகு ஒரு பாட்டைப் போட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்காருங்கள். குரல் ஒரே இடத்திலிருந்து வந்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள்.