டிசம்பரில் கிரிக்–ஜெலி சைக்கிள் பயணம் போகலாமா?

கேள்வி: அண்ணே, நானும் என் பள்ளித் தோழனும் டிசம்பரில் லீவு எடுத்து, பேராக் மாநிலத்துக் கிரிக்கிலிருந்து கிளந்தான் மாநிலத்து ஜெலி வரை மலைச்சாலையில் சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறோம். நான் வாராவாரம் மேடு ஏறிப் பழகியவன். அவனுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. ஒரே நாளில் முடிக்க முடியுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் டிசம்பரில் வேண்டாம். கிளந்தான் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதம் அது. மலையை வெட்டிப் போட்ட சாலை, மண் சரியும். பிப்ரவரி, மார்ச்சில் லீவு கேளுங்கள்.

ஒரே நாள் திட்டத்தையும் விட்டுவிடுங்கள். 1982இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். உங்களுக்கு அது பெரிய தூரமில்லைதான். ஆனால் வழியில் உள்ள பண்டிங் ஏரியைத் தாண்டினால், பேராக்–கிளந்தான் எல்லை வரை மேடு ஆளை விடாது. உங்கள் தோழர் உச்சிக்கு வரும்போதே வெயில் சாய்ந்துவிடும். அந்தி நேரத்தில் யானைகள் சாலையோரத்துக்கு மேய வரும். அதனால் முதல் நாள் பண்டிங்கில் தங்குங்கள். மறுநாள் நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நின்று, வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். மணி அடிக்காதீர்கள், படம் எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். 2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று, இதே சாலையில் லாரி மோதி ஒரு குட்டி யானை செத்துப்போனது. தாய் யானை அந்த லாரியில் தலையை முட்டுக்கொடுத்தபடி நகராமல் நின்றதை நாடே பார்த்தது. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அது அவற்றின் காடு தம்பி.

சரி, உங்கள் தோழருக்கு வருவோம். எனக்குக் கவலை அவரைப் பற்றித்தான். மேட்டில் அவரை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் போங்கள். வேகத்தை அவர் முடிவு செய்யட்டும். புதிதாக ஏறுகிறவர், அதுவும் கூட்டாளி முன்னால், களைத்துவிட்டேன் என்று வாய் திறந்து சொல்லமாட்டார். அவர் தோளைப் பாருங்கள். மிதிக்கு மிதி தோள் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தால், முழங்கால் வெளிப்பக்கம் விரிந்தால், கால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், "தண்ணீர் குடிப்போம்" என்று நீங்களே இறங்குங்கள். டியூப், பம்ப், ஸ்பேனர்கள் எல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும். அவர் சைக்கிளின் பின்சக்கரத்தில் மிகப் பெரிய பல்சக்கரம் 34 பல்லுக்குக் குறைய வேண்டாம், அப்போதுதான் மேட்டில் மிதிக்க லேசாக இருக்கும்.

இறக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள், இடைவெளி விடுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டயர் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கிளம்புமுன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். பின்னால் லாரி சத்தம் கேட்டால் ஓரம் கட்டி வழிவிடுங்கள்.

நடுவில் கடை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பண்டிங்கிலேயே தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் கட்டிக்கொள்ளுங்கள். போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். எத்தனை மணிக்குள் ஜெலியிலிருந்து அழைப்பீர்கள் என்று இரண்டு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.