பங்குனியில் காரைக்குடி வந்தால் எங்கே சாப்பிடலாம்?

மார்ச், ஏப்ரலில் குடும்பத்தோடு சென்னையிலிருந்து காரைக்குடி வரப்போவதாகவும், செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு எந்த ஓட்டல் நல்லது, அந்தச் சமயத்தில் தெருவில் பார்க்கிற மாதிரி ஏதாவது விழா இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். ஓட்டல் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும் இந்த ஊரில் நல்ல சாப்பாடு தெருவில்தான் கிடைக்கும், அதுவும் காசில்லாமல்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், செட்டிநாட்டுச் சமையல் அடிப்படையில் வீட்டுச் சமையல். முகப்பு, நடுவில் முற்றம் வைத்த வளவு எல்லாம் தாண்டிக் கடைசிக் கட்டில் இருக்கும் அடுப்படி வரைக்கும் சொந்தக்காரர்கள்தான் போவார்கள். ஒரு கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று அழைப்பு வந்தால்தான் வெளியாளுக்கு அந்த இலை கிடைக்கும். பங்குனியில் மட்டும் அந்த அடுப்படி அண்டாவோடு வாசலுக்கு வந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். டம்ளரை நீட்டினால் ஊற்றுவார்கள்.

காரணம், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் மாசி–பங்குனித் திருவிழா. காப்புக் கட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கத் தெருக்கள் எல்லாவற்றிலும் வேப்பிலைத் தோரணம், மைக்செட், சீரியல் பல்பு. தெருவுக்குத் தெரு நோட்டீஸ் அடித்து வரி வசூலிப்பார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் இதைத் தலைக்கட்டு வரி என்பார்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று. நகரத்தில் அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்ப்பதில்லை. கொடுக்க முடிந்தவர் கூடக் கொடுப்பார், முடியாதவர் வந்து அண்டா தூக்குவார். திருவிழாவின் உச்சம் பால்குட நாள். மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக ஆயிரக்கணக்கான பேர் தலையில் பால்குடத்தோடு வெயிலில் வெறுங்காலில் வருவார்கள். அவர்கள் கால் சுடக்கூடாது என்று வழிநெடுகத் தண்ணீர் அடித்து விடுவார்கள். கூட வருகிறவர்களுக்கும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும்தான் பந்தலில் நீர்மோரும் பானக்கமும். இந்த அம்மனுக்குத் தக்காளிப் பழம் படைப்பது ஒரு தனி வழக்கம். கோவில் வாசலில் பூக்கடைக்குப் பக்கத்திலேயே தக்காளிக் கூடை இருந்தால் சந்தேகப்படாதீர்கள், அதுவும் அர்ச்சனைக்குத்தான்.

பானக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் கடையில் பாட்டிலில் விற்பதைக் குடித்துவிட்டு ‘வெறும் வெல்லத் தண்ணி’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் அதைக் கரைப்பது பக்கத்து வீட்டு ஆச்சி. எழுபதைத் தாண்டியவர், இன்றைக்கும் அளவு பார்க்க வேறு யாரையும் விட மாட்டார். முந்தின ராத்திரியே புளியை ஊறப் போட்டுவிடுவார். விடியுமுன் நாட்டு வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். வெல்லத்தில் மண் இருக்கும், கரும்புச் சக்கை இருக்கும். வடிகட்டாமல் விட்டால் கடைசி டம்ளர் குடிக்கிறவர் பல்லில் நறநறக்கும். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சை அளவு புளி. சுக்கும் ஏலக்காயும் இடித்துப் போட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு. உப்புப் போட்டதும் இனிப்பு எடுத்துக் கொடுக்கும். ‘இப்பப் பாருங்க’ என்று உள்ளங்கையில் ஒரு கரண்டி ஊற்றுவார் ஆச்சி. சுக்கு தொண்டையில் லேசாக ஏறினால் சரி, இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் இடிக்கச் சொல்வார். பித்தளை அண்டா வீட்டில் எத்தனை இருந்தாலும் பானக்கத்துக்கு எடுக்கவே மாட்டார். ஈயம் பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். எவர்சில்வர், இல்லாவிட்டால் மண்பானை.

ருசிக்குப் பாதிக் காரணம் தண்ணீர். காரைக்குடிக் குடிதண்ணீர் சம்பை ஊற்றுத் தண்ணீர், பூமிக்கு அடியிலிருந்து வருவது. வெளியூர்ப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர்தான் கேட்பார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க மழையை நம்பிய வறண்ட பூமி. அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரை வளவு முற்றத்தில் பிடித்து வைத்தார்கள். தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் தண்ணீர்ப் பந்தல் போடுவது பெரிய தர்மம். 2024-இல் நகராட்சி மாநகராட்சியாகிவிட்டது. மக்கள் கூடிவிட்டார்கள், வீடுகள் கூடிவிட்டன. அந்த ஊற்றுத் தண்ணீரை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் எனக்குக் கவலையாக இருக்கும்.

நீர்மோரில் பெரிய வித்தை இல்லை. தயிரைக் கடைந்து தண்ணீர் நிறையவே விட்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். பங்குனியில் மாங்காய் வந்துவிடுமா, அதைத் துருவிப் போடுவார்கள். மணல் பரப்பி, அதன்மேல் ஈரத்துணி சுற்றிய பானையில் வைத்திருப்பதைத் தேடிக் குடியுங்கள். ஐஸ் கட்டி போட்ட மோர் இருக்கும் பந்தலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோழி வறுவலும் காடையும் தேடித்தான் வருகிறீர்கள் என்றால் இந்த நாட்களில் தெருவில் அது கிடைக்காது. காப்புக் கட்டியதும் நேர்ந்துகொண்ட வீடுகளில் கவிச்சி கிடையாது. சில வீடுகளில் தாளிப்பதுகூட இல்லை. ஓட்டல்களில் எப்போதும்போல எல்லாம் இருக்கும். ஆனால் தெருவில் புளியோதரை, தயிர்ச்சோறு, கதம்பச் சாதம், சுண்டல்தான். அம்மனுக்குப் படைத்த மாவிளக்கும் துள்ளுமாவும் கையில் வைப்பார்கள். பச்சரிசியை ஊறவைத்து இடித்து வெல்லம் சேர்த்தது, அவ்வளவுதான் பக்குவம். ஆனால் வெயிலில் நடந்து வந்தவன் வாயில் அது கரைகிற மாதிரி வேறெதுவும் கரையாது. திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசம் அடிக்கும்.

ரம்ஜான் நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். இந்தச் சில வருஷங்களாக அது மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. சாயங்காலம் பள்ளிவாசலுக்குத் தூக்குவாளியோடு போனால் யாருக்கும் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், புதினா போட்டுக் குழையக் காய்ச்சியது. எங்கள் தெருமுனை பாய் வீட்டில், காப்புக் கட்டியிருக்கிறோம் என்று தெரிந்து, கறி போடாத கஞ்சியைத் தனியாக எடுத்துவைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். இங்கிருந்து மாவிளக்கு அந்த வீட்டுக்குப் போகும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இந்தப் பாத்திரப் போக்குவரத்தும் ஒரு காரணம். பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

சாப்பாடு மட்டும் போதாது, காதுக்கும் ஏதாவது வேண்டும் என்றால் கம்பன் விழா இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் தொடங்கிவைத்தது. பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், அத்த நட்சத்திரத்தன்று சிவகங்கைக்குப் பக்கத்தில் நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதி இருக்கும் இடத்தில். சா.க. காலத்திலிருந்தே நேரம் தவறாமைக்குப் பேர் போன மேடை. ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனால் பேச்சின் ஆரம்பத்தை விட்டிருப்பீர்கள். கைக்குழந்தை இருந்தால் நாட்டரசன்கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். அந்தச் சமாதி மண்ணைத் துளி எடுத்து நாக்கில் வைத்தால் பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி சண்முகநாதர் கோவில் இருக்கிறது, பஸ்ஸில் அரைமணிதான். கூட்டம் தாங்கும் என்றால் போகலாம்.

காலையில் ஒரு நாள் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பலாமூசு (பலாப் பிஞ்சு), வெள்ளரிப் பிஞ்சு, மாவடு, முருங்கைக்காய் எல்லாம் குவிந்திருக்கும் காலம் இது. பலாமூசு வாங்கினால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் பிசின் விரலை விட்டுப் போகாது. சோம்பு, மிளகாய் அரைத்துப் பிரட்டினால் கறிக்குப் பக்கத்தில் நிற்கும். காப்புக் கட்டிய வீட்டுப் பிள்ளைகள் முகம் சுருங்காமல் இருக்க இந்தப் பிரட்டலைத்தான் செய்து தருவார்கள். வெண்டைக்காய் மண்டி கிடைத்தால் விடாதீர்கள். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது, மறுநாள்தான் அதன் முழு ருசி தெரியும். நுங்கு பங்குனியில் தலைகாட்டத் தொடங்கும், இராமநாதபுரம் பக்கத்துப் பனைமரத்திலிருந்து வருவது. மேல்தோலோடு வெட்டித் தரச் சொல்லிக் கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிட வேண்டும். உரித்துக் கவரில் போட்டு விற்பதில் பாதித் தண்ணீர் போய்விட்டிருக்கும்.

இதே நாட்களில் வேப்பமரம் பூத்துக் கொட்டும். வீடுகளில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்துவிடுவார்கள். விடிகாலையில் அள்ளிப் புடைத்து வெயிலில் காயவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். புதுப் பூ சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் போகும். நீங்கள் ஏப்ரல் நடுவில் வருகிறீர்கள் என்றால் இந்தப் பச்சடியும், வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடியும், கந்தரப்பமும், வெள்ளைப் பணியாரமும்தான் விசேஷம். வெள்ளைப் பணியாரத்தைக் குழிச்சட்டியில் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு பண்டம். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. நைசாக அரைத்து, கொஞ்சம் பால் விட்டுத் தளர்த்தி, காய்ந்த எண்ணெயில் கரண்டி கரண்டியாக ஊற்றினால் ஓரம் முறுகாமல் வெள்ளையாக உப்பி வரும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி, நல்ல காரமாக.

சித்திரை–வைகாசியில் கொப்புடையம்மனுக்குச் செவ்வாய்ப் பெருந்திருவிழா. அம்மன் தேரேறிக் காட்டம்மன் கோவிலுக்குப் போவது தங்கச்சி பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டை கொண்டுபோன கதையை ஒட்டி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் வெயில் உங்கள் குழந்தைகளுக்குத் தாங்காது. பங்குனிக்கே வந்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வரும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வாருங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அப்படியும் சில பந்தல்களில் பிளாஸ்டிக் டம்ளரில்தான் மோர் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை வாய்க்கால் முழுக்க அதுதான் கிடக்கும். நான்கு வீட்டுப் பாத்திரத்தைச் சேர்த்து, கழுவுவதற்கு இரண்டு பையன்களை நிறுத்தினால் முடிகிற வேலை இது. எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறோம், முடிகிறது.

பால்குடம் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும், அதனால் முந்தின ராத்திரியே ஊருக்குள் இருக்க வேண்டும். எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் புறப்பட்டு ராத்திரி காரைக்குடி வந்து சேரும். அதில் டிக்கெட் போடுங்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால், மாசியில் கோவில் அழைப்பிதழ் வந்தபிறகு டிக்கெட் எடுப்பது நல்லது. பால்குட நாளில் மீனாட்சிபுரம் பக்கம் கார் உள்ளே போகாது, செக்காலை ரோட்டுப் பக்கம் எங்காவது நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். தாத்தா பாட்டி கூட வந்தால், வெயில் ஏறுமுன் ஏதாவது ஒரு பந்தலில் நாற்காலி கேட்டு உட்கார வைத்துவிடுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கூடவே ஒரு விசிறியும் வரும்.