கிண்டி பொறியியல் கல்லூரி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியதே 1978-இல்தான். அதன் உறுப்பான கிண்டி கல்லூரி 1794 என்று போட்டுக்கொள்வது எப்படி?

கல்லூரி பாட்டி, பல்கலைக்கழகம் பேத்தி. அவ்வளவுதான் விஷயம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் செலவு. மைக்கேல் டாப்பிங் என்பவர் இங்கேயே பையன்களைப் பழக்கிவிடலாம் என்று யோசனை சொன்னார். அப்படி 1794-இல் எட்டுப் பையன்களோடு ஆரம்பித்ததுதான் நில அளவைப் பள்ளி. அது வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குக் குடிவந்தது.

கேள்வி: அப்படியானால் இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரி கிண்டியா, ரூர்க்கியா?

கிண்டியில் படித்தவன் நான். என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? ஆனாலும் நியாயமாகச் சொல்கிறேன். 1794-இல் இருந்தது சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் பள்ளி. ரூர்க்கி 1847-இல் பிறந்தபோதே சிவில் இன்ஜினீயரிங் கல்லூரி. அளவைப் பள்ளியையும் கணக்கில் சேர்த்தால் நாங்கள். கல்லூரி என்றால்தான் ஒத்துக்கொள்வோம் என்றால் அவர்கள்.

கேள்வி: அண்ணே, கிண்டியில் பெண்கள் எப்போது சேர்ந்தார்கள்?

1940 வாக்கில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் சேர்ந்த ஏ. லலிதா பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் நான்கு மாதக் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். பின்னாலேயே தெரசியா, லீலம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். லலிதா 1943-இல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'அவன்' என்றே அச்சடித்து வைத்திருந்தார்களாம். அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு அடித்தல் திருத்தத்தில் மொத்தக் கதையும் இருக்கிறது.

கேள்வி: எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) குரோம்பேட்டையில் தனியாக இருக்கிறதே. அதுவும் இதில் சேர்த்தியா?

சேர்த்திதான். சி. ராஜம் தன் வீட்டை விற்று 1949-இல் தொடங்கிய தனியார் நிறுவனம் அது. பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு மூன்று வருடப் படிப்பு; விமானம், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அன்றைக்கு மற்றவர்கள் தொடத் தயங்கிய பிரிவுகள். அப்துல் கலாம் படித்தது அங்கேதான். கிண்டி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி (ஏசி டெக்), கட்டடக்கலைப் பள்ளி, எம்ஐடி ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் 1978-இல் பல்கலைக்கழகம் அமைத்தார்கள். ஏசி டெக்கும் கட்டடக்கலையும் கிண்டி வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் வெளியாட்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். உள்ளே போய் ஏசி டெக் மாணவனிடம் 'நீ கிண்டியா' என்று கேட்டுப் பாருங்கள், முறைப்பான்.

கேள்வி: என் மகள் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள், அதுவும் 'அண்ணா யுனிவர்சிட்டி' என்கிறார்கள். கிண்டிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அம்மா, குழப்பமே இங்கேதான். 2001 வரை சென்னைப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், கோவைப் பக்கம் பாரதியாரிலும் இருந்தன. அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளை அண்ணாவின் கீழ் கொண்டுவந்தார்கள். அதனால் பல்கலைக்கழகத்துக்கு இப்போது இரண்டு வேலை: தன் வளாகங்களில் நேரடியாகப் பாடம் நடத்துவது ஒன்று, இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் தருவது இன்னொன்று. உங்கள் மகளின் பட்டத்தில் அண்ணா பெயர் இருக்கும், பாடம் எடுப்பவர் அந்தக் கல்லூரி ஊழியர். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டமும் தேர்வும் அவர்களுடையதே.

கேள்வி: நடுவில் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பலவாகப் பிரித்தார்களே?

பிரித்தார்கள், சில வருடங்களில் மறுபடி சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி: கிண்டியில் சேர்ந்திருக்கிறேன். டீன், துறைத் தலைவர், பதிவாளர்... எதற்கு யாரிடம் போவது?

முதலில் வகுப்பு ஆலோசகர், அப்புறம் துறைத் தலைவர். கையெழுத்து பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். டீன் அந்த வளாகத்துக்கு மட்டும் தலைவர். எம்ஐடிக்குத் தனி டீன். துணைவேந்தரும் பதிவாளரும் நான்கு வளாகங்களுக்கும் பொது. மதிப்பெண் பட்டியல் விவகாரம் என்றால் தேர்வு அலுவலகம். போகும்போது வளாக மாணவர்களுக்கான பிரிவு எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். நான் இணைப்புக் கல்லூரிகள் வரிசையில் அரைநாள் நின்றவன்.