கூடை சுமப்பவளுக்கு முகம் எங்கே?

வணக்கம் சேர்,

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். 2024 ஜனாதிபதித் தேர்தல் நேரத்தில் வந்த ஒரு கேலிச்சித்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கொழுந்துக் கூடையோடு குனிந்து நிற்கும் ஒரு பெண். வேட்பாளர்கள் ரணில், சஜித், அநுர மூவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கேஸ் சிலிண்டர், தொலைபேசி, திசைகாட்டி என்று தங்கள் சின்னங்களைக் கூடைக்குள் போடுகிறார்கள். சிலிண்டரில் நூல் கட்டித் தொங்கும் அட்டையில் 1700 என்று எழுதியிருக்கிறது. முன்னால் வேட்டி கட்டிய ஒரு தொழிற்சங்கத் தலைவர், கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரியும் இல்லை.

“பெண் தோட்ட மக்கள், கூடை வாக்கு, கயிறு தொழிற்சங்கம்” என்று எழுதினால் முழுப் புள்ளி. ஆனால் ஒரு மாணவி, “இது எங்களைக் கேவலப்படுத்துது டீச்சர்” என்றாள். பின்வாங்கில் இருந்த பையன், “உள்ளதைத்தானே வரைஞ்சிருக்கார்” என்றான். இரண்டு பேருக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட படங்களை எப்படி வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது? பத்திரிகைக்கு எழுதி ஆட்சேபிக்க வேண்டுமா?

ஒரு ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

புள்ளித்திட்டத்தில் பிழை இல்லை. எந்தப் பொருள் எந்த ஆள் என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. ஆனால் அது விடுகதையை அவிழ்க்கிற வேலை. அன்றைக்குச் சுவரொட்டி பார்த்த யாரும் செய்துவிடுவார்கள். வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. நாமலின் மொட்டும் அரியநேத்திரனின் சங்கும் இந்தக் கூடைக்குள் வரவில்லை. மலையகத்தில் போட்டி இந்த மூவருக்குள்தான் என்று வரைந்தவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். விட்டதையும் சேர்த்துத்தான் படத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இந்தப் படத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது நகரத்து ஆட்கள் வெற்றுச் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையில் வைத்துவிட்டு நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்த வரிசையை ஒழித்தவர் நான்தான் என்பது ரணிலின் பிரசாரம். எதிராளிக்கோ அதே சிலிண்டர் பட்ட கஷ்டத்தின் அடையாளம். ஒரு சின்னம் இப்படி இரண்டு பக்கமும் வெட்டினால் கார்ட்டூன் போடுகிறவருக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லாமலே வேலை செய்யலாம் போலிருக்கும்.

ஆனால் உங்கள் பிள்ளைகளின் வீடுகளில் சமையல் எதில்? தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பெரும்பாலும் விறகடுப்புத்தான். தோட்டத்துக்காரர்களுக்கு அந்த வருடம் விழுந்த அடி மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. மண்ணெண்ணெய் போத்தலை வைத்து ஒரு தேர்தல் கார்ட்டூன் வந்து நான் பார்த்ததில்லை. சிலிண்டர் நகைச்சுவை நகரத்து ஞாபகத்தை நம்பிப் போட்டது. தோட்டத்துப் பெண்ணை நடுவில் நிறுத்தியிருந்தாலும் படம் அவளிடம் பேசவில்லை, அவளைக் காட்டி வேறு யாரிடமோ பேசுகிறது.

இருந்தாலும் ஒரு இடத்தில் வரைந்தவரை மெச்சத்தான் வேண்டும். அந்த 1700. அதைச் சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை, நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறார். கடையில் சாமானோடு தொங்குகிற விலை அட்டை. வேண்டாம் என்றால் அறுத்து எடுத்துவிடலாம். நடந்ததும் ஏறக்குறைய அதுதான். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) என்ற தோட்டத் தொழிற்சங்கத்தின் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1700 ரூபா என்று ரணில் அறிவித்தார். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று வந்து நின்றது. இதெல்லாம் அந்த ஒரு நூலில் இருக்கிறது. பிள்ளைகள் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நூலை விட்டிருந்தால், அதற்கு ஒரு புள்ளி குறைக்கலாம்.

சரி, அந்த மாணவி சொன்னதற்கு வருகிறேன். அவள் பிடித்தது சரியான இடம், ஆனால் காரணம் கேவலம் அல்ல என்று நினைக்கிறேன். படத்தில் உள்ள நான்கு ஆண்களையும் பாருங்கள். ரணிலுக்குக் கண்ணாடி, அநுரவுக்குத் தாடி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முகம். தொழிற்சங்கத் தலைவரையும் யாரென்று ஊகிக்கலாம் என்று நினைக்கிறேன். குனிந்து நிற்பவளுக்குத்தான் முகம் இல்லை. முக்காடு, கூடை, இடுப்பில் படங்கு, அவ்வளவுதான். ஒருவரின் மூக்கைப் பெரிதாக்கி வரைய வேண்டுமென்றால் அந்த மூக்கு ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். கேலிக்கு ஆளாவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது, அந்தத் தகுதி அவளுக்குக் கிடைக்கவில்லை. சிலிண்டரும் தொலைபேசியும் போல அவளும் ஒரு சின்னம். (பல தோட்டங்களில் கூடை போய்ப் பை வந்தும் நாளாயிற்று. கார்ட்டூன்களில் மட்டும் கூடை தேயவே மாட்டேன் என்கிறது.)

சாதாரண மனிதனை வரைய இந்த நாட்டில் ஆள் இல்லாமல் இல்லை. கொலெட் ‘சிட்டிசன் பெரேரா’வை வரைந்தார், விஜேசோம ‘புஞ்சி சிங்ஞோ’வை வரைந்தார். வடக்கில் சிரித்திரன் சுந்தர் ‘சவாரித் தம்பரை’க் கொடுத்தார். இவர்களுக்குப் பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது, பெரிய ஆட்களைப் பார்த்து ஓரக்கண்ணால் சிரிக்கிற உரிமையும் இருக்கிறது. மலையகத்துக்கு அப்படி ஒரு பெயர் சொல்லக்கூடிய பாத்திரம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1948இல் தோட்ட மக்களின் பிரஜாவுரிமை போய், பிறகு வாக்கும் போய், 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோதும் கணிசமானவர்கள் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். வாக்கு இல்லாதவரை யார் கார்ட்டூனில் பேச வைக்கப் போகிறார்கள்? அந்தப் பழக்கம் வாக்கு வந்த பிறகும் போகவில்லை.

பின்வாங்குப் பையனுக்கு நீங்கள் தேர்தல் முடிவுகளை எடுத்துக் காட்டுங்கள். கயிறு தலைவர் கையில், அவர் இழுத்த பக்கம் கூடை போகும் என்கிறது படம். 2010இல் இ.தொ.கா. மஹிந்தவை ஆதரித்தது, நுவரெலியா மாவட்டத்தில் முன்னுக்கு வந்தவர் சரத் பொன்சேகா. 2015இல் மறுபடி மஹிந்த. மாவட்டம் மைத்திரிபாலவுக்குப் போனது. 2019இல் கோட்டாபய, மாவட்டம் சஜித்துக்கு. 2024இல் ரணில், அப்போதும் சஜித்துக்குத்தான். வலப்பனை, ஹங்குராங்கெத்த பக்கத்துச் சிங்கள வாக்குகளும் இதில் சேர்ந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியை விட்டுவிட்டு இந்தக் கணக்கை யாராலும் விளக்க முடியாது.

பையன் கெட்டிக்காரனாக இருந்தால், “வேறு தலைவர்கள் சஜித் பக்கம் நின்றார்களே, கயிறு அவர்கள் கையில் இருந்திருக்கும்” என்பான். கேட்க வேண்டிய கேள்விதான். மலையகத்தின் இன்னொரு அரசியல் அணியான தமிழ் முற்போக்குக் கூட்டணி 2019இலும் 2024இலும் சஜித்தோடுதான் இருந்தது. அப்படியென்றால் கயிற்றை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்கிற மாதிரி அல்லவா வரைந்திருக்க வேண்டும்? இரண்டு பேர் இழுக்கிறபோது எந்தப் பக்கம் நடப்பது என்பதை அவள்தானே முடிவு செய்கிறாள். உள்ளதைத்தான் வரைந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. கொழும்பில் பலரும் நம்பிக்கொண்டிருப்பதை வரைந்திருக்கிறார். அந்த நம்பிக்கையின் பதிவாக வாசித்தால் படம் நல்ல படம்.

பத்திரிகைக்கு ஆட்சேபக் கடிதம் எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. இந்தப் படம் தப்பு என்று வாதாடுங்கள், வகுப்பில் கிழித்துத் தொங்க விடுங்கள், ஆனால் வரைந்தவரை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். பத்திரிகையாளரும் கார்ட்டூன் வரைபவருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமல் போனார். ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது இரண்டே நாள். இன்றுவரை அவர் திரும்பவில்லை. அவருடைய மனைவி சந்தியா படியேறாத வாசல் இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கோட்டுக்காக முறைப்பாடு எழுத எனக்குக் கை வராது.

அதற்குப் பதில் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாள் கொடுங்கள். அதே ஆட்கள், அதே சின்னங்கள், ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து ஏதோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்பது அவர்கள் பாடு. கோபப்பட்ட மாணவியும் பின்வாங்குப் பையனும் ஒரே தாளில் சேர்ந்து வரைந்தால் இன்னும் விசேஷம். நல்லதாக ஒன்றிரண்டு வந்தால் அனுப்புங்கள், பெயர் போடாமல் இங்கே பிரசுரிக்கிறேன்.

பரீட்சையில் மட்டும் “கூடை வாக்கு, கயிறு தொழிற்சங்கம்” என்றே எழுதச் சொல்லிவிடுங்கள் டீச்சர். திருத்துகிறவர் இந்தப் பதிலைப் படித்திருக்க மாட்டார்.