கர்னி டிரைவ் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: காசாவுக்காகப் பேரணி, புறக்கணிப்பு, உண்டியல் என்று இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஓயவில்லை. தமிழர்களும் போய் நிற்கவேண்டும் என்று உங்கள் இதழ் எழுதுகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நம் சனம் செத்தபோது இவர்களில் யார் வந்தார்கள்? அது முஸ்லிம்களின் பிரச்சினை. தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் குரல் கொடுக்கவே இங்கே ஆள் போதவில்லை. நமக்கு எதற்கு இந்த வேலை?
(ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: 2009ஐப் பற்றிய உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் மே 27ஆம் தேதி, பிணங்களின் வாடைகூடப் போகாத நேரத்தில், ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் இலங்கை அரசைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. ஆதரித்த 29 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இந்தியாவும் ஒன்று. நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2014 சனவரியில், அப்போது இலங்கை அதிபராக இருந்த மகிந்த ராஜபக்சே பாலஸ்தீனத்தின் ரமல்லாவுக்குப் போனார். ‘பாலஸ்தீன நட்சத்திரம்’ என்ற விருதை அவருக்குக் கொடுத்தவர் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, அந்த விருதுக்கு, காசாவின் கான் யூனிஸில் கூடாரத்துக்குள் படுத்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? அது பிறந்தே இருக்காது.

வன்னியில் வானம் இரைந்ததும் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் அந்த விமானத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிபிர். இஸ்ரேலில் செய்த விமானம் அது. 1990களின் நடுவில் இலங்கை விமானப்படை வாங்கியது. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து, மக்கள் அங்கே வந்து சேர்ந்த பிறகு அங்கேயே குண்டு போட்டார்கள். மருத்துவமனைகளை அடித்தார்கள். வெளிநாட்டு நிருபர்களை உள்ளே விடவில்லை. இதெல்லாம் நமக்கு நடந்தது. காசாவிலிருந்து வரும் செய்தியைப் படிக்கும்போது அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறதே, அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 2025 ஜூலை கடைசியில் காசா சுகாதார அமைச்சின் சாவுக் கணக்கு 60,000 பேரைத் தாண்டியது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றதும் கொடுமைதான், அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அந்தக் கொடுமைக்கு இந்தக் குழந்தைகள் ஏன் விலை கொடுக்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அப்புறம், ‘நமக்கு எதற்கு’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பினாங்குக்காரர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கர்னி டிரைவுக்குப் போய்ப் பசம்பூர் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தக் கர்னி யார்? சர் ஹென்றி கர்னி. 1946 முதல் 1948 வரை ஜெருசலேமில் ஆங்கிலேயரின் பாலஸ்தீன நிர்வாகத்துக்குத் தலைமைச் செயலாளர். 1948 மே மாதம் ஆங்கிலேயர் அங்கே கொடியை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கர்னி மலாயாவின் ஹை கமிஷனராக இங்கே வந்து உட்கார்ந்தார். பாலஸ்தீனப் போலீசின் தலைவராக இருந்த நிகோல் கிரே மலாயாவின் போலீஸ் கமிஷனர் ஆனார். அவர் கீழே வேலை பார்த்த வெள்ளைக்கார சார்ஜன்ட்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள். அங்கே பழகிய கையோடு இங்கே அவசரகாலத்தை, அதாவது காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்களுக்கு எதிரான போரை, நடத்தினார்கள்.

கர்னியின் ஆட்சியில்தான் 1949 மே 4ஆம் தேதி மலாயா கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். தொழிற்சங்கம் கட்டிய இரண்டு தமிழர்கள். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, வீட்டைவிட்டுக் கிளப்பிப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. காட்டில் இருப்பவனுக்குப் போய்விடுமாம். கேட்டில் நிறுத்தித் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். உங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வந்திருந்தால் பெரியவர்களைக் கேளுங்கள், இருந்தால் சொல்வார்கள். ஒரு ஊரையே வேலிக்குள் வைத்து அரிசியை எண்ணிக் கொடுப்பது என்னவென்று நம் வீட்டிலேயே தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதைச் செய்த ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதை மட்டும் நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

முஸ்லிம்களின் பிரச்சினை என்பதும் தப்பு. காசாவில் தேவாலயங்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் புனித போர்ஃபிரியஸ் தேவாலய வளாகத்தில் குண்டு விழுந்து, உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் செத்தார்கள். திருக்குடும்பக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போப் பிரான்சிஸ் சாகும்வரை ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் போன் பண்ணி, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். பினாங்கிலும் செந்தூலிலும் தமிழ்க் கிறிஸ்துவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! டிசம்பரில் குடில் கட்டும்போது பெத்லகேம் எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஆள் போதவில்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை, தமிழ்ப்பள்ளி நிலத்துக்காக அலைகிற அதே நாலு பேர்தான் பாலஸ்தீனக் கூட்டத்திலும் நிற்கிறார்கள். வராதவர்கள் இரண்டுக்கும் வருவதில்லை.

புறக்கணிப்பில் எனக்கும் சில கருத்து உண்டு. எந்தக் கம்பெனி ஏன் பட்டியலில் இருக்கிறது என்று விசாரிக்காமல், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிக் கடைக்கு முன்னால் போய்க் கத்துவது எனக்குப் பிடிக்காது. 2024 ஏப்ரலில் கே.எஃப்.சி. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைத் தற்காலிகமாக மூடியது. கல்லாவில் நிற்கிறவர் நம் வீட்டுப் பிள்ளை. அவரைத் திட்டுவதால் காசாவுக்கு ஒரு மூட்டை மாவு போகாது. கூட்டங்களில் யாராவது யூத இனத்தையே சபித்து அட்டை பிடித்தால் அதை இறக்கச் சொல்லவும் வேண்டும். தள்ளி நின்று முகம் சுளிப்பவரால் இதைச் சொல்லமுடியாது. உள்ளே நிற்பவர்தான் சொல்லமுடியும்.

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில், அமெரிக்கத் தூதரகத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நான் தமிழில் எழுதிய அட்டையோடு போனேன். ‘முள்ளிவாய்க்காலிலும் பார்த்தோம், காசாவிலும் பார்க்கிறோம்’ என்று எழுதியிருந்தேன். ஒரு மலாய் மக்சிக் (வயதான அம்மா), அறுபது வயதிருக்கும், இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முள்ளிவாய்க்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வெயிலில் நின்றபடி அரைமணி நேரம் சொன்னேன். பேத்தியைக் கூப்பிட்டு அந்தப் பெயரைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, தொண்டை அடைத்துக்கொண்டது.

2009இல் யாரும் வரவில்லை என்கிறீர்கள். அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. பினாங்கில் அடுத்த கூட்டம் நடக்கும்போது போங்கள். அட்டையைத் தமிழில் எழுதுங்கள், முள்ளிவாய்க்காலையும் சேர்த்து.