"மறுகா" என்றேன், சிரித்தார்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் மட்டக்களப்பு. கொழும்பு வெள்ளவத்தையில் போர்டிங்கில் தங்கி, கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை பார்க்கிறேன். மத்தியானம் ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடுவோம். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு கதை தமிழில் தொடங்கி, சிங்களத்தில் வளைந்து, இங்கிலீஷில் முடியும். நான் வாயைத் திறக்குமுன் பேச்சு வேறெங்கோ போய்விடும். ஒருநாள் "மறுகா வாறன்" என்றேன். எங்கள் ஊரில் பிறகு என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். ஒரு கிழமையாக அதையே சொல்லிச் சிரித்தார்கள். இப்போது சோற்றுப் பார்சலை என் மேசையிலேயே தனியாகப் பிரித்துக்கொள்கிறேன். பிழை என்னிலா?

பதில்: மகள், நீங்கள் "மறுகா" என்றால் நான் "பேந்து". 1979இல் சாவகச்சேரியிலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு கந்தோரில் சேர்ந்தபோது, "பேந்து பாப்பம்" என்றதற்கு எனக்கும் இதே சிரிப்புத்தான் கிடைத்தது. அதைவிட வெட்கம், சிங்களப் பகிடிகளுக்கு ஒன்றும் விளங்காமலே நானும் சேர்ந்து சிரித்தது. ஒரு வருஷம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் பக்கத்து மேசைக்காரி, "இப்ப என்னத்துக்குச் சிரிச்சனீர்?" என்று கேட்டுவிட்டாள். முழித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பகிடியையும் காதுக்குள் தமிழில் சொல்லித் தந்தவள் அவள்தான். (தமிழில் சொன்னால் பாதிக்கு மேல் பகிடியாகவே இல்லை, அது வேறு கதை.)

அந்த ஆறு பேர் மேசையில் இடம்பிடிக்கப் பாடுபட வேண்டாம். அது கெதியாகக் கதைக்கிறவர்களின் மேசை, எனக்கு இன்றைக்கும் சரிவராது. மற்ற ஐந்து பேரில் யார் பின்னேரம் வெள்ளவத்தைப் பக்கம் போகிறவர் என்று பாருங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்தில் இருந்தால் முகம் பார்த்துக் கதைக்கத் தேவையில்லை. இறங்கி மரைன் டிரைவில் கொஞ்சம் நடந்தால் இன்னும் லேசு. அந்தக் கடற்கரை வீதியோரத் தண்டவாளத்தில் கோச்சி (ரயில்) போகும்போது யாரும் வாயை மூடத்தான் வேண்டும், அந்த மௌனத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. விளங்காத சொல் வந்தால் அங்கேயே கேளுங்கள். என்னைப் போல ஒரு வருஷம் சிரிக்காதீர்கள்.

"மறுகா"வை விடவேண்டாம். நக்கலடிப்பவரிடம் தனியாக ஒருமுறை, "எனக்கு அது பிடிக்கவில்லை" என்று சொல்லுங்கள். பிறகும் தொடர்ந்தால் அவரோடு சாப்பிட வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

ஊரிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டுபோய்க் கொடு என்று போர்டிங்கில் யாராவது புத்தி சொல்வார்கள். கொடுத்தால் அன்றைக்கு முழுக்கத் தயிரைப் பற்றித்தான் கதைப்பார்கள். அந்தச் சட்டியை பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு வையுங்கள்.