நீட்டில் 318: கோச்சிங்குக்கு முன் கேள்வித்தாளை எடுங்கள்

கேள்வி: மகள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தாள். நீட்டில் 318தான் வந்தது. உயிரியல் 224, வேதியியல் 53, இயற்பியல் 41. மொத்தத்தில் 95 சரி, 62 தப்பு, 23 விட்டது. "நெகட்டிவ் மார்க்லதான் போச்சும்மா, தெரியாதத விட்டிருக்கணும்" என்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு வருஷக் கோச்சிங்கில் சேர்க்கவா?

பதில்: முதலில் அவள் சொல்லும் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நீட்டில் சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 போகும். அந்த 62-ஐயும் தொடாமல் விட்டிருந்தால் 380. அவ்வளவுதான். அதில் பாதியை, அதாவது 31-ஐ, சரியாகப் போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் போன 1 திரும்பி, மேலே 4 சேர்ந்து, 155 கூடி 473 ஆகியிருக்கும். நெகட்டிவ் மார்க்கைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இருக்கிற பயம் கொஞ்சம் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட சராசரியாக நாலு கேள்வியில் ஒன்று சரி, மூன்று தப்பு; 4-ல் 3 போக 1 மிஞ்சும். இரண்டு விடைகளை உறுதியாகக் கழித்துவிட்டால் இரண்டு கேள்விக்கு 3 மார்க் மிஞ்சும். அதனால் விடைத்தாளில் குமிழைக் கறுப்பாக்கியது குற்றமில்லை. 'தெரியும்' என்று நம்பித் தப்பாகப் போட்டது எத்தனை என்பதுதான் பார்க்க வேண்டியது.

தேர்வறையிலிருந்து கொண்டுவந்த கேள்வித்தாள், ஓ.எம்.ஆர். என்கிற குமிழ் விடைத்தாளின் நகல், இறுதி விடைக்குறிப்பு மூன்றையும் எடுத்து வையுங்கள். தப்பும் விட்டதுமாக 85 கேள்விகள். கடிகாரம் இல்லாமல், விடையைப் பார்க்காமல், நாலு நாளில் மறுபடி போடச் சொல்லுங்கள். இப்போது வருகிறதென்றால் கோளாறு வேகத்திலோ பதற்றத்திலோ இருக்கிறது. இப்போதும் வரவில்லையென்றால் பாடத்தில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாடம், மறதி, கணக்கு, வாசிப்பு என்று ஒரு சொல் எழுதட்டும். 'தவறான கூற்று எது' என்று கேட்டதற்குச் சரியான கூற்றைக் குறிப்பது வாசிப்புப் பிழை. உயிரியலில் தப்பானவற்றில் இது கணிசமாக இருக்கலாம்.

இயற்பியலில் ஒரு பிழையைக் கிட்டத்தில் பாருங்கள். மின்தேக்கித் தட்டின் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர். மீட்டருக்கு மாற்றும்போது, சென்டிமீட்டர் என்றதும் கை பழக்கத்தில் 10-ன் அடுக்கு −2 என்று எழுதிவிடும். பரப்பு என்பதால் அது −4. அந்தத் தப்பான வழியில் வருகிற எண்ணும் நாலு விடைகளில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கும். மாணவிக்குச் சந்தேகமே வராது. இதற்கு மருந்து புதுப் புத்தகம் இல்லை: தினம் 20 கணக்கு, எல்லா அளவையும் முதல் வரியிலேயே எஸ்.ஐ. அலகுக்கு (மீட்டர், கிலோகிராம், வினாடி) மாற்றி எழுதுகிற பழக்கம். தப்பானதைத் தனி நோட்டில் ஏற்றி 3-ஆம் நாள், 10-ஆம் நாள், 30-ஆம் நாள் மறுபடி போட வேண்டும்.

வேதியியலுக்கு மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.ஈ.ஆர்.டி. புத்தகம் கட்டாயம். 2024 முதல் நீட் பாடத்திட்டம் குறைந்துவிட்டது. நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் மூன்றும் அதில் இல்லை. பழைய கைடை வைத்து அதிலேயே ஒரு மாதம் போக்குகிறவர்கள் உண்டு.

தமிழ்வழிப் பிள்ளைக்கு இன்னொரு வேலை. நம் புத்தகத்தில் 'குன்றல் பகுப்பு' என்று படித்தவள், வினாத்தாளில் மியோசிஸ் என்று வந்தால் தடுமாறக்கூடாது. பாடத்துக்கு நாற்பது ஐம்பது கலைச்சொற்களை ஆங்கிலத்தோடு சேர்த்து எழுதி வைக்கட்டும். தமிழும் ஆங்கிலமும் முரண்பட்டால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும். மொழிபெயர்ப்பு விளங்காத இடத்தில் எதிரே உள்ள ஆங்கில வரியை உடனே பார்க்கிற பழக்கம் வேண்டும்.

மாதிரித் தேர்வு டிசம்பர்வரை மாதம் இரண்டு, ஜனவரியிலிருந்து வாரம் ஒன்று. அதுவும் பகல் 2 மணி முதல் 5 மணிவரை, சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் தெளிவாக எழுதிப் பழகிவிட்டு மே மாத நெல்லை வெயிலில் 3 மணிக்குக் கண் சொருகினால் என்ன செய்வது? 2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம்தான். உயிரியல் 50, வேதியியல் 50, இயற்பியல் 65, மிச்சம் 15 விட்டதைப் பார்க்க. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக் குமிழ்களை நிரப்பிவிட வேண்டும். கடைசியில் மொத்தமாக நிரப்பினால் ஒரு எண் தள்ளிப் போய் வரிசையே கெடும். தேர்வு எழுத 3 மணி நேரம் என்றால் திருத்திப் பார்க்க 4 மணி நேரம் ஒதுக்குங்கள்.

இனி கோச்சிங். 85-ல் பாதிக்கு மேல் 'பாடம்' என்று வந்தால் சேர்க்கலாம். அதுவும் இயற்பியல், வேதியியலுக்கு மட்டும் எடுப்பவர் கிடைத்தால் நல்லது. கல்லிடையிலிருந்து பாளைக்குப் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 'கணக்கு', 'வாசிப்பு' அதிகமென்றால் அந்தப் பணத்தை மாதிரித் தேர்வுத் தொகுப்புக்குக் கொடுத்து வீட்டிலேயே உட்கார வைக்கலாம்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மறுமுறை எழுதுகிறவர்களுக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டுவரை எத்தனை அரசுப் பள்ளிகளில் படித்தாளோ அத்தனை தலைமையாசிரியர்களிடமும் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கும் நீட் மதிப்பெண்தான். இந்த 318-ஐ வைத்து அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். உயிரியலில் 224 எடுத்த பிள்ளை அதையும் யோசிக்கலாம்.